ஈரக்கையும் ஆறு கம்பியும்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் நீட்ட இடம் போதவில்லை என்றால் அந்தத் தலையணையைத் தள்ளிவிடுங்கள். ஆறு கம்பியோடு மல்லுக்கு நின்ற ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், அவளே சிரித்தவள்தான்.

ஓர் உணவகத்தின் பின்பக்கம் பாத்திரம் தேய்ப்பது அவள் வேலை. முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்பதால் எல்லோரும் நுரையக்கா என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் சாமான் அறையை ஒழித்த முதலாளி, பழைய கிட்டார் ஒன்றைக் குப்பையில் போடப் போனார். "ஐயா, அதை எனக்குக் குடுங்க" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

புதுக் கம்பி மாட்டினாள். கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தானாகவே பழக ஆரம்பித்தாள். அதில் வருகிறவன் சிரித்துக்கொண்டே, "மூணு விரலை இங்க வைங்க, அவ்வளவுதான்" என்பான். அவன் வைத்தால் மணி மாதிரி ஒலிக்கும். இவள் வைத்தால் தகர டப்பா உருளும். தினமும் வேலை முடிந்து வந்த கையோடு உட்காருவாள். இடக்கை விரல் நுனிகளில் கம்பி கத்தியாய் இறங்கும். இருந்தும் விடவில்லை. சவரம் செய்யும்போது கணவர் சீட்டியடிக்கும் ஒரு பாட்டு உண்டு. அதை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

கணவர் எலெக்ட்ரீஷியன். அவள் வாசிக்கத் தொடங்கியதும், "எங்கயோ ஒயர் உரசுதே" என்று மின்பெட்டியைத் திறந்து பார்ப்பார், வேண்டுமென்றே.

மகள் சும்மா இருப்பாளா? "அம்மா, நம்ம பூனைக்கு உடம்பு சரியில்லையான்னு மேல் வீட்டு ஆன்ட்டி கேக்கறாங்க."

"நம்மகிட்ட ஏதுடி பூனை?"

"நானும் அதைத்தான் சொன்னேன்."

இதையெல்லாம் சிரித்தே தள்ளிவிடுவாள். நாத்தனார் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. அவள் புது வீட்டுக்குக் குடிபோக இருந்தாள். "அண்ணி, நீங்க எங்க வாசிக்கப் போறீங்க? இந்தக் கிட்டாரை எங்க ஹால் சுவத்துல மாட்டினா எவ்வளவு அழகா இருக்கும்!"

"நீ வீடு மாறுற அன்னைக்கு வா," என்றாள் நுரையக்கா வீம்பாக. "அந்தப் பாட்டை முழுசா வாசிக்கலைன்னா நீயே எடுத்துட்டுப் போ."

"அண்ணா, கேட்டுக்கோ. நீதான் சாட்சி!"

வாய் சொல்லிவிட்டது, விரல்தான் ஒத்துழைக்கவில்லை. விரல் நுனி காய்த்துப்போனால் வலி போய்விடும் என்றான் வீடியோக்காரன். இவளுக்குக் காய்க்கவே இல்லை. தோல் உரிந்துகொண்டுதான் வந்தது. ஒரு சாயங்காலம் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். 'சுவரிலாவது அழகாகத் தொங்கட்டும்.'

"என்ன, இன்னைக்கு ஒயர் உரசலையே?" என்றார் கணவர். அவள் உறையை மூலையில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவரும் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

மறுநாள் உணவகத்துத் தெருவில் குழாய் வெடித்துத் தண்ணீர் நின்றுபோனது. முதலாளி காகிதத் தட்டு வாங்கிப் போட்டார். நுரையக்காவுக்கு நாள் முழுக்க நாற்காலி துடைப்பதும் கைத்துணி மடிப்பதும்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும், பழக்க தோஷம், கை தானாக ஜிப்பைத் திறந்தது. மூன்று விரலை வைத்து அழுத்தினாள்.

வலி பாதிக்கு மேல் காணோம். கம்பி கணீரென்றது.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உலர்ந்த விரல். மற்ற நாளெல்லாம் மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்து சுருங்கி வெளுத்துப்போய் வீடு வரும் விரல்! ஊறின அட்டையில் அல்லவா இத்தனை நாளும் ஆணி அடித்திருக்கிறாள்!

"என்னங்க! தப்பு விரல்ல இல்ல, நேரத்துல!" என்று அவள் கத்தியதில், சட்டை மாட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒரு கை வெளியே தொங்க ஓடி வந்தார்.

அன்றிலிருந்து பழக்கம் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன். வேலையில் இடக்கைக்கு மட்டும் ரப்பர் கையுறை.

"அக்கா, வலக்கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் சமையல்காரன்.

"பிசுக்குப் போச்சான்னு அந்தக் கைதான்பா தடவிப் பார்க்கணும். இந்தக் கைக்கு வேற உத்தியோகம் கிடைச்சிருக்கு."

நாத்தனார் வீடு மாறும் நாளும் வந்தது. "ஆணியே அடிச்சாச்சு அண்ணி" என்றபடி நுழைந்தாள். நுரையக்கா மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பாதியில் ஒரு விரல் வழுக்கிப் பாட்டு நின்றது. "இருங்க, ஓடிடாதீங்க" என்று சிரித்தவள், விட்ட இடத்திலேயே பிடித்தாள். கணவர் தன்னை மறந்து சீட்டியடித்துக் கூடவே வர, பாட்டு ஆடி அசைந்து ஊர் போய்ச் சேர்ந்தது.

"ரெண்டு இடத்துல தப்பு," என்றாள் நாத்தனார்.

"மூணு," என்றாள் நுரையக்கா.

"ஆனா முழுசா வாசிச்சிட்டீங்களே! சரி, சுவத்துக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன். குடுங்க, நானும் ஒரு தடவை..." வாங்கி மடியில் வைத்து ஆசையாய் அழுத்தினாள். "ஐயோ அம்மா!"

வீடே சிரித்தது. மேல் வீட்டு ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

இவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டே இருக்கட்டும். கேலி செய்கிறவர்களும் கடைசிவரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு, குறையாத சிரிப்போடு, எல்லோரும் நன்றாயிருங்கள்.