ஒரு சொட்டுகூடக் கசியாத மோட்டார்

பாலாற்றில் படகு விடப் போகிறேன் என்று முனிசாமி சொன்னபோது ஐயம்பேட்டை டீக்கடையே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? வருடத்தில் பதினோரு மாதம் அந்த ஆற்றில் ஆடுதான் மேயும். மிச்சமுள்ள ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று ரோட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியாது. முனிசாமியின் ஊர் திருமுக்கூடலுக்கு மேற்கே, பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். இரண்டும் ஒரேயடியாக வந்தால் இரண்டு தரைப்பாலமும் முழுகிவிடும்.

அவர் மனைவி பொன்னியம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்து எழுந்தால்தான் அவளுக்கு உயிர். போன வருட வெள்ளத்தில் ஒரே ஒரு தடவை தவறிப்போனது. படுக்க முடியாமல், மூச்சு விட முடியாமல், இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். இன்னொரு தடவை அதைப் பார்க்கும் தெம்பு முனிசாமிக்கு இல்லை.

படகுக்குக் கவலையில்லை. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த கோதண்டபாணியிடம் பழைய ஃபைபர் படகு ஒன்று இருந்தது. மோட்டாருக்குத்தான் முனிசாமி சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை போனார். பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த எட்டுக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைப் பொறுக்கி, லோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முப்பது வருடம் வயல்காட்டு டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய கை அது. பிஸ்டன் ரிங்கை மாற்றினார். உப்பு அடைத்த துளைகளைக் கம்பி விட்டுக் குத்தினார். கார்புரேட்டரை ஊறப்போட்டு, வாயால் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கச் சுத்தம் செய்தார். கடைசி வேலை, கியர் பெட்டியிலிருந்து விசிறித் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்டைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல் இரண்டைப் போடுவது. பழையவை கூழாக நைந்து போயிருந்ததால் சுரண்டித்தான் எடுத்தார். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அந்தக் காசிமேட்டுக் கடலுக்குத்தான் வெளிச்சம்.

முனிசாமி யோசிக்கவே இல்லை. சீலின் உதடு, அதாவது கசிவைத் தடுக்கும் விளிம்பு, எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் போட்டதெல்லாம் அப்படித்தான். இரண்டையும் உள்ளே பார்த்துத் தட்டி உட்காரவைத்தார்.

புரட்டாசியில் ஏரியில் முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். மோட்டார் பாடியது. கோதண்டபாணி குனிந்து தண்ணீரைப் பார்த்தான்.

"இன்னா மாமா, ஒரு சொட்டு ஆயில்கூட வெளிய காணோம்!"

"யார் போட்ட சீலுன்னு நெனச்ச?" என்றார் முனிசாமி. கழற்றிக் கொண்டுவந்து துடைத்து, சாக்கால் மூடி மாட்டிவைத்தார். அப்புறம் அதைத் திறந்து பார்க்கவில்லை. கசியாத எஞ்சினை யாராவது திறப்பார்களா?

கார்த்திகை மழையில் இரண்டு ஆறும் சொல்லிவைத்தாற்போல் வந்தன. பாலங்கள் முழுகின. செல்போன் டவரும் படுத்துவிட்டது. வியாழக்கிழமை பொன்னியம்மாளின் முறை. காலையிலேயே அவள் முகம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிப் பையோடு அவளைப் படகின் நடுவில் உட்காரவைத்து, கோதண்டபாணி கழியோடு முன்னால் நிற்க, முனிசாமி கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆற்றில் கால்வாசி போயிருப்பார்கள். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு உலுக்கு உலுக்கி மோட்டார் நின்றது. எத்தனை இழுத்தும் கயிறு அசையவில்லை. படகு தன்போக்கில் சுற்றிக்கொண்டு போனது. கோதண்டபாணி கழியை ஊன்றி ஊன்றி, ஒரு கருவேல மரத்தைத் தாவிப் பிடித்தான். கையெல்லாம் முள். ஒரு கிலோமீட்டர் கீழே ஒதுங்கியிருந்தார்கள். புறப்பட்ட அதே கரையில்.

முனிசாமி கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. பால் ஊற்றிய டீயைப்போல ஒன்று வழிந்தது; கூடவே துருத் தூள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வயல்காட்டு எஞ்சின் கரையில் நிற்கும். இது தண்ணீருக்குள் முழுகி ஓடுவது. ஒரு சீல் உள்ளே பார்த்து எண்ணெயைக் காக்க வேண்டும். இன்னொன்று வெளியே பார்த்துத் தண்ணீரைத் தடுக்க வேண்டும். அன்றைக்கு ஏரியில் உள்ளே போன தண்ணீர் இரண்டு மாதம் அங்கேயே கிடந்து பேரிங்கைத் தின்றிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரில் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பொன்னி, நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்று சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

"எப்ப சரியாவும்?"

"பேரிங் அக்கரைல போய்தான் வாங்கணும். தண்ணி வடியணும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"நாலு. அஞ்சுகூட ஆவும்."

பொன்னியம்மாள் ஆற்றைப் பார்த்தாள். உடம்பில் சேரும் நீர் வெளியேற அவளுக்கு வேறு வழி கிடையாது. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்ப இன்னிலேந்து அதுவும் வேணாம். வாய நனச்சிக்கினு இருந்துக்கறேன்" என்றாள். பையைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கென்று எடுத்துவந்த தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"இத நீ குடிச்சிடுய்யா. எங்கிட்ட இருந்தா மனசு கேக்காது."

முனிசாமி வாங்கிக்கொண்டார்.