படுவான்கரை விலாசம்

இராசாத்திச் சின்னம்மா பக்கத்தில் வந்து இருந்தால், வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், எங்கேயோ பல்லி சொல்லுகிறது என்று நினைத்து. பல்லி இல்லை. சின்னம்மாவின் நெஞ்சுக்குள் இருக்கும் உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் அது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இருதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. சண்டை நின்றிருந்த காலத்தில் கொழும்புக்குக் கொண்டுபோய், நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டு இதைப் பொருத்தி அனுப்பினார்கள்.

"எந்தப் பக்கம் சொன்னாலும் நல்ல பலன்தான். சொல்லாம விட்டாத்தான் பயம்" என்பார் அழகரத்தினம் சித்தப்பா.

அந்த வால்வில் இரத்தம் கட்டிபடாமல் இருக்கச் சின்னம்மா ஒவ்வொரு நாளும் வார்பரின் குளிசை போட வேண்டும். குளிசை கூடினால் இரத்தம் நீர்த்துப்போய் உள்ளுக்குள் எங்கே கசிகிறது என்றே தெரியாது. குறைந்தால் கட்டி விழுந்து மூளைக்குப் போகும். சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்கிற இடம் மட்டக்களப்பு டவுனில், எழுவான்கரையில். நாங்கள் இருப்பது படுவான்கரை. நடுவில் வாவி.

வாவியைக் கடக்கப் பாதை உண்டு. பாதை என்று நாங்கள் சொல்வது ரோட்டை அல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை. அக்கரையில் இறங்கினால் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. இறங்கியவர்கள் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் பஸ் எடுக்கலாம். இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பாதை ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் கூடிப்போனது. என் பள்ளிக்கூடமும் அப்படியே நின்றுபோனது. பிறகு திறந்தார்கள், அம்மா என்னை விடவில்லை. சின்னம்மாவுக்குத் துணையாகப் போய்வருவது என் வேலையானது.

ஒரு தடவை பாதை ஓடாமல் நாட்கள் இழுத்துக்கொண்டே போயின. சின்னம்மா குளிசையைக் கண்மதிப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து எதையோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டார். சொல்லே வரவில்லை, வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. கையிலிருந்த தேங்காய்ப் பாதி உருண்டு அடுப்படிக்குப் போனது. நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டிலிருந்து அம்மா ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. "ஏன் புள்ள அழுறாய்? உப்புத்தானே கேட்டன்" என்றார் சின்னம்மா.

பாதை ஓடத் தொடங்கியதும் சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார்.

"இது எச்சரிக்கை. அடுத்த முறை திரும்பி வராமப் போகலாம். ஒண்டில் டவுனுக்கு வந்து இருங்க. இல்லாட்டி வீட்டிலேயே விரலைக் குத்திப் பாக்கிற மெசின் ஒண்டு இருக்கு. காசு குடுத்து வாங்க ஏலாது. உங்கட கம்பனியில காப்புறுதி இருக்கா?"

இருந்தது. சித்தப்பா டவுனில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்தார். அங்கே வேலை செய்பவர்களுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் கம்பனி காப்புறுதி போட்டிருந்தது. டொக்டர் எழுதித் தந்ததை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பியவர் காப்புறுதி ஏஜென்ட் சாலிஹ் காக்கா. ஏறாவூர்க்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எந்தத் துக்கத்தையும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

அடுத்த தடவை இரத்தம் சோதிக்கப் போனபோது எங்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அழகரத்தினம், கொழும்புத் தலைமைக் கந்தோரில மாட்டனெண்டுட்டான்."

"ஏனாம்?"

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில குடியிருக்கிற ஆளுக்கு வீட்டில என்னத்துக்கு மெசின் எண்டு கேக்கிறான்."

சின்னம்மா சிரித்துவிட்டார். "பக்கத்திலயா? விடிய வெளிக்கிட்டு இப்பதான் வந்து நிக்கிறம்."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனா இவர்ட அடையாள அட்டை அப்பிடிச் சொல்லல்லையே."

அப்போதுதான் விளங்கியது. சித்தப்பாவின் அட்டையில் இருந்தது கல்லடி விலாசம், அவருடைய அம்மாவின் வீடு. பாலத்தைத் தாண்டினால் டவுன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். அம்மாவுக்கு ஒரு வீடு, சின்னம்மாவுக்கு ஒரு வீடு என்று ஒரே வளவுக்குள் அம்மப்பா கட்டிக் குடுத்தார். சித்தப்பாவும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு வாவியைக் கடந்து வந்தவர். அட்டையை மட்டும் மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் மறதி இல்லை. ஆமிக்குப் படுவான்கரை இயக்கத்தின் பக்கம்; அந்த விலாசம் உள்ள ஆம்பிளை சென்றியில் படுகிற பாட்டை எல்லாரும் அறிவோம். கல்லடி என்று இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு விடுவார்கள். எங்கள் ஊரில் எழுவான்கரையில் உறவு உள்ளவர்கள் அந்த விலாசத்தை அட்டையில் போடத் தவம் கிடந்தார்கள்.

"கொழும்பில இருக்கிறவனுக்கு நான் போனில கத்தாத கத்தில்ல" என்றார் சாலிஹ் காக்கா. "'மனுசன் எங்கயோ அங்கதானே மனுசி இருப்பா' எண்டுறான். 'எங்கட ஊரில மனுசி எங்கயோ அங்கதான் மனுசன்' எண்டு நான் சொல்றன். அவனுக்கு ஏறல்ல. நான் மட்டும் என்ன, பொண்டாட்டி வீட்டிலதான் கிடக்கன். எண்ட அட்டையில இன்னும் உம்மாட விலாசம்தான்."

"கிராம சேவகர் கடிதம் தந்தா?" என்று கேட்டார் சித்தப்பா.

"கேட்டன். கடிதம் ஆரும் எழுதுவாங்களாம். அட்டையில இருக்கோணுமாம்."

 சின்னம்மாதான் சொன்னார். "அப்ப வேணாம். மெசின் இல்லாம எத்தின சனம் இருக்குது."

திரும்பி வரும்போது மிதவையில் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். சித்தப்பா தூரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டவுனுக்கு வந்து இருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை இரண்டு பேருமே பேசவில்லை. கல்லடி வீடு சித்தப்பாவின் தங்கச்சிக்குப் போய்விட்டது. அங்கே போய் ஒண்டிக்கொண்டிருக்க எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியும் சம்மதிக்க மாட்டாள்.

சில நாள் கழித்து, நானும் சின்னம்மாவும் முற்றத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்க, கிராம சேவகர் வினாயகமூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கினார். சித்தப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வேலி கட்டுகிறேன் என்று நின்றிருந்தார். அது ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அழகரத்தினம், வடிவா யோசிச்சியா?" என்று கேட்டார் கிராம சேவகர். "எண்ட கந்தோருக்கு வாறவனெல்லாம் விலாசத்தை இஞ்ச இருந்து அங்க மாத்தித் தாங்க எண்டுதான் வாறான். மறுபக்கமா வந்தவன் நீ மட்டும்தான்."

"யோசிச்சிட்டன் ஐயா."

"அப்ப நான் வீட்டுக்காரியிட்ட கேட்டு எழுதோணும்." அவர் சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். "புள்ள, இவர் இந்த வீட்டிலதான் நிரந்தரமா இருக்காரா?"

சின்னம்மா நெல்லைக் கிளறிய காலை நிறுத்தினார். முகம் சிவந்து போயிருந்தது.

"எந்த இவர்?" என்றார். "இந்த மனுசனை நான் கண்டதேயில்ல."

கிராம சேவகர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் எனக்குச் சோறு போட்டது ஆரு?" என்றார் சித்தப்பா.

"ஆரோ பாவப்பட்டவள். அவளைப் போய்க் கேளுங்க. அவள் சொல்லுவாள், இந்தாளைச் சென்றியில புடிச்சு இருத்தினா மெசினை வச்சு நக்கிறதா எண்டு."

"இராசாத்தி."

"கதைக்க வேணாம்."

சித்தப்பா கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டுச் சின்னம்மாவுக்குக் கிட்ட வந்து நின்றார். "அண்டைக்கு நீ கதைக்க ஏலாம நிண்டதை இவள் கண்டாள். நான் காணல்ல. நான் பாதை ஓடாம அக்கரையில மாட்டுப்பட்டு, களஞ்சியத்தில நிண்டு சாக்கு எண்ணிக்கொண்டிருந்தன். சென்றியில இருத்தினாலும் எப்பிடியும் எழும்பி வந்திருவன். வந்து பாக்க நீ இருக்கோணும்."

 காகம்கூடக் கத்தவில்லை. அந்த அமைதியில் டிக், டிக் என்று கேட்டது. வேகமாகக் கேட்டது. கிராம சேவகர் தலையைத் தூக்கிக் கூரை இறவாரத்தில் பல்லியைத் தேடினார்.

"ஓம்" என்றார் சின்னம்மா. "இஞ்சதான் இருக்கார். எழுதுங்க."

"நல்ல நேரத்திலதான் பல்லி சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே கிராம சேவகர் எழுதினார்.

புது அட்டை வந்த பிறகு சித்தப்பா சொன்னார்: "கலியாணம் முடிச்சு இத்தின வருசத்துக்குப் பிறகு இப்பதான் ஒழுங்கா வீட்டுக்கு வந்திருக்கன்." ஆனால் முதல்நாள் வேலைக்குப் போனவரை வெயில் ஏறும்வரை சென்றியில் நிலத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் அங்கே இருந்து இங்கே மாறும்போது நீ மட்டும் ஏன் இங்கே இருந்து அங்கே போனாய் என்பதுதான் கேள்வி. சித்தப்பாவுக்குத் தெரிந்த சிங்களத்தில் பெண்சாதியின் வீடு என்று சொல்லியிருக்கிறார். ஒரு வயதான சிப்பாய் சிரித்துவிட்டானாம். மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பதற்கு அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, 'பின்ன' என்று. அதற்குப் பிறகு அந்தச் சிப்பாய் இருக்கிற நாளில் "பின்ன, வா" என்று கூப்பிட்டு விடுவான். அவன் இல்லாத நாளில் சிரிப்பு இல்லை. ஒருநாள் சட்டையில் பொத்தான் இல்லாமல் வந்தார். சின்னம்மா ஒன்றும் கேட்காமல் ஊசியும் நூலும் எடுத்தார்.  நான் அறிந்தவர்களில் பயத்தைத் தெரிந்துகொண்டே அதற்குள் ஒவ்வொரு காலையும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் சித்தப்பாதான்.

காப்புறுதிக்காரர் சம்மதித்தார்கள். ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் எங்களுக்குப் பழக்கிக் காட்டினார். விரலை எப்படிக் குத்துவது, துளியை ஸ்ட்ரிப்பில் எப்படித் தொடவைப்பது, இலக்கம் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்க வேண்டும், கூடிக் குறைந்தால் குளிசையை என்ன செய்வது. மெசின் ஒரு சின்ன ரேடியோ அளவு. சாலிஹ் காக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ட ஏஜென்ட் வேலையில ஒரு விலாசத்துக்குக் குடுத்த முதல் மெசின் இதுதான்" என்றார்.

அதோடு பாதையடிக்கு வந்தோம். அன்றைக்கு 'பின்ன' சொல்லும் வயதான சிப்பாய் இல்லை. இளம் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்தான். மெசினைக் கண்டதும் துவக்கைச் சரியாகப் பிடித்தான். பற்றரி போட்ட எந்தச் சாமானும் படுவான்கரைக்குப் போக விடமாட்டார்கள். இது என்ன, கதைக்கிற வயர்லெஸ் செற்றா என்று கேட்டான். சித்தப்பா சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. டொக்டரின் துண்டைப் பார்க்கவும் இல்லை. மெசினைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டான்.

சின்னம்மா என்னைப் பிடித்தார். 

சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, மெசினுக்குள் ஒரு ஸ்ட்ரிப்பைச் செருகினார். ஊசியைத் தன் விரலில் குத்தினார். இரத்தத்தைத் தொட வைத்தார். சிப்பாய் குனிந்து பார்த்தான். வரிசையில் நின்ற சனமும் எட்டிப் பார்த்தது. மெசின் சத்தம் போட்டுவிட்டு ஒன்று என்று காட்டியது, குளிசை போடாதவர்களுக்கு வருகிற இலக்கம். சித்தப்பா தன் நெஞ்சைத் தொட்டு, சின்னம்மாவைக் காட்டி, பிறகு மெசினைக் காட்டினார். அந்தப் பொடியன் சின்னம்மாவைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, கிட்ட வந்து காதைக் கொஞ்சம் சரித்தான். வால்வுச் சத்தம் நிச்சயம் கேட்டிருக்கும், அந்த நேரம் எனக்கே கேட்டது. மெசினைப் பையில் தானே வைத்தான்.

மிதவையில் ஏறியதும் சின்னம்மா வாயைத் திறந்தார். "ஒரு ஸ்ட்ரிப் வீணாப் போச்சு."

"வீணாப் போகல்ல. எண்ட இரத்தம் நல்லமெண்டு தெரிஞ்சுதே."

"உங்கட இரத்தம் நல்லமெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு மெசின் வேணுமா?"

இதைவிடப் பெரிய பாராட்டு ஒன்றைச் சின்னம்மா அவருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா காது வரைக்கும் சிரித்தார்.

அடுத்தநாள் காலை சித்தப்பா வேலைக்குப் போனார். சின்னம்மா முதல் தடவை விரலைக் குத்த வேண்டிய நாள். எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். "இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் துறையடிக்கு நடந்தார். நானும் போனேன். மிதவை அக்கரையைத் தொடுவது தெரிந்தது. ஆட்கள் எறும்புபோல இறங்கி வரிசையானார்கள். சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை வரிசையிலிருந்து விலகி ஒரு பக்கமாக நின்றது.  நான் சின்னம்மாவுக்குக் கிட்டப் போய் நின்றேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

வெள்ளைச் சட்டை நின்றுகொண்டே இருந்தது. பிறகு நகர்ந்தது. பஸ் நிற்கிற மரத்தடிக்குப் போனது.

"வா புள்ள" என்றார் சின்னம்மா. "இனிக் குத்துவம்."