மேலன் பக்கத்துப் பாட்டு

குருவி வருவதற்கு முன்னால் பாட்டு வந்துவிட்டது. சலோமாவுக்குச் சந்தேகம் பிடித்தது அங்கேதான்.

மார்ட்டின் குருவிகள் தெற்கேயிருந்து ஓஹையோவுக்கு வந்து சேர ஏப்ரல் பிறக்க வேண்டும். இது மார்ச் பாதி. வேலியோரம் பனிகூட முழுசாகக் கரையவில்லை. ஆனால் நாலு நாளாக, விடியும் முன்பே, பக்கத்துப் பண்ணை மேலன் வீட்டுத் திசையிலிருந்து ஆண் மார்ட்டினின் கரகரப்பான பாட்டு வருகிறது. ஒரே இடத்தில் சின்ன விக்கல், பிறகு மறுபடி முதலிலிருந்து. எந்தக் குருவி அப்படிப் பாடும்?

பாட்டுப் பெட்டிதான், வேறென்ன. நகரத்துக்காரர்கள் அதை வைத்துக் குருவியை வரவழைப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். மின்சாரக் கம்பியே நுழையாத ஆமிஷ் கிறிஸ்தவ சபையில், பெட்டிக்குள் அடைத்த பாட்டைக் கேட்பது சபைக் கட்டளைக்கு விரோதம்.

மேலனின் கம்பத்தில், மார்ட்டின்கள் கூடு கட்டத் தொங்கவிட்ட இருபத்திநாலு சுரைக்குடுக்கை. ஆண்டுதோறும் அத்தனையும் நிறைந்துவிடும். சலோமாவின் கம்பத்தில் பன்னிரண்டு. ஐந்து வருடமாகச் சிட்டுக்குருவி திணித்த வைக்கோலை இழுத்துப் போடுவதுதான் அவள் கண்ட பலன். போன கோடையில் சமையலறைப் படியில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதாள்.

பால் கறந்துவிட்டு வந்து உட்கார்ந்த கணவன் ஏடனிடம் சொன்னாள்.

"மேலன் பெட்டி வெச்சிருக்கான்."

"நீ பாத்தியா?"

"காது இருக்குல்ல. இத்தன வருஷமா அவனுக்கு மட்டும் எப்படி நெறையுதுன்னு இப்பத்தான் புரியுது."

"விடு சலோமா. குருவி சமாச்சாரம்."

"உனக்கு எப்பவும் அவன் பக்கந்தான்."

ஏடன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்கும் இதில் பங்கு இருக்குமோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. சேச்சே என்று தள்ளிவிட்டாள்.

ஏப்ரலில் சமாதான ஞாயிறு நெருங்கியது. திருவிருந்துக்கு முன்னால், கட்டளைக்கு ஒப்புதலா, யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒருவர் இழுத்தாலும் விருந்து தள்ளிப்போகும். மனசில் இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒப்புதல் சொல்வது என்று தனக்குத்தானே நியாயம் பேசி, வியாழக்கிழமை சபையின் டீக்கன் எர்வினிடம் போய் மேலனைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும்.

சனிக்கிழமை காலை மேலனின் கம்பத்தில் முதல் மார்ட்டின் உட்கார்ந்திருந்தது. வயிறெரிய, குருவிகளுக்குப் போட நொறுக்கி வைத்திருந்த முட்டை ஓட்டை எடுக்க வேலியோரக் கொட்டகைக்குப் போனாள். மேலன் வீட்டுக்கும் அவள் படுக்கையறைக்கும் நேர் நடுவில் நிற்கிற கொட்டகை. ஓட்டு டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய பழைய நீல ஏப்ரன் சுருட்டிக் கிடந்தது. பிரித்தாள். உள்ளே பேட்டரியில் பாடுகிற கையளவுப் பாட்டுப் பெட்டி.

ஏடன் வாசலில் வந்து நின்றான்.

"பால் லாரிக்காரன் குடுத்தான்," என்றான். "நீ அன்னிக்கு அழுததப் பாத்துட்டு என்னால இருக்க முடியல."

"நான் மேலன்மேல பழி போட்டேனே. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன்."

அதற்குள் டீக்கனின் குதிரைவண்டி மேலன் வாசலில் நிற்பது தெரிந்தது. சலோமா பெட்டியோடு வயல் குறுக்கே ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு போனது.

எர்வின் விசாரித்துக்கொண்டிருந்தார். மேலன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எங்கிட்ட பெட்டி இல்ல. அவ்வளவுதான் சொல்வேன்."

"அப்ப யாருகிட்ட இருக்கு?"

சலோமா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுல," என்றாள் சலோமா. பெட்டியை டீக்கன் கையில் வைத்தாள். "எங்க கொட்டாயிலதான் பாடிச்சு. தப்பு எங்களது."

மேலனுக்கு ஆச்சரியமே இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். என் ஜன்னலுக்கு அது உங்க பக்கமிருந்துல்ல வருது."

"அப்புறம் ஏன் டீக்கன்கிட்ட சொல்லல?"

"அஞ்சு வருஷமா நீ வைக்கோல் இழுத்துப் போடுறத நானும் பாத்துட்டுத்தானே இருக்கேன், சலோமா."

மறுநாள் சபையில் யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார்கள். மேலன் இல்லை என்பான். அது உண்மையாகவே இருக்கும்.