எலுமிச்சைக் கரண்ட்

ஜூஸ்கடைக்காரியின் புருஷன் எலுமிச்சம்பழக் கரண்டில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நுரையீரல் கெட்டுப் படுத்தவனுக்கு மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின். மாடியில் இருந்த தம்பிக்கு வீடு முழுசாக வேண்டும். அண்ணன் கண்ணை மூடிவிட்டால் அண்ணியைக் கிளப்பிவிடலாம் என்று கணக்கு. ஒரு மத்தியானம் கீழ்வீட்டுக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தான்.

மிஷின் நின்றதும் அவள் சுற்றுமுற்றும் தேடினாள். கடைக்கு வாங்கிய எலுமிச்சை மூட்டை கூடத்தில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தது நினைவுக்கு வர, பழத்துக்கு ஒரு துத்தநாக ஆணி, ஒரு செம்புக் கம்பி என்று குத்திக் கோத்தாள். பள்ளிக்கூடத்தில் அது ஒரு பொட்டு பல்பைக்கூட ஒழுங்காக எரித்ததில்லை. இங்கே மிஷினே ஓடியது. அவள் வயிற்றெரிச்சல் அப்படி என்று தெருவில் சொன்னார்கள்.

தம்பிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரம் இறங்கி வந்தான். தூக்கி எறிந்தால் பொறுக்கி வந்து மறுபடி குத்துவாள், அவளை நம்ப முடியாது. ஒரு பழம் விடாமல் தோலோடு தின்று தீர்த்தான். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்தான். கடைசிப் பழம் உள்ளே போனதும் மிஷின் நின்றது. அந்நேரம் அவள் வந்துவிட்டாள். பதற்றத்தில் எழுந்தவனின் கையில் கம்பி உரச, மிஷின் மறுபடி ஓடியது.

"உக்காரு தம்பி" என்று ஒரு கையில் ஆணியையும் மறுகையில் கம்பியையும் திணித்தாள். கரண்ட் அவனைப் பிடித்துக்கொண்டது, விரல் பிரியவில்லை.

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"உங்க அண்ணன் எழுந்து நடக்குற வரைக்கும்."

அவன் பெண்டாட்டி வந்து காலில் விழுந்து அழுதாள். ஜூஸ்கடைக்காரிக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் மிஷின் நின்றிருக்கும். வருஷங்கள் போயின. ஒரு நாள் அண்ணன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணே, இனியாவது விடச் சொல்லுண்ணே" என்று தம்பி கெஞ்சினான்.

அண்ணன் கடைக்கு நடந்து போய் மிக்சியைத் தூக்கி வந்து, மிஷின் இருந்த இடத்தில் மாட்டினான்.

இப்போது கடையே அந்தக் கூடத்தில்தான். மிக்சி மெதுவானால், ஜூஸ் குடிக்க வந்தவர்களே ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் வாயில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.