மஞ்சள் இல்லாத இறக்கை

கண்காட்சிக் கதவு திறக்க நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வியாழன் மாலை நான்கு மணி. டாக்டர் என்பதால் நாங்கள் சென்செய் என்று அழைக்கும் ஒகுரியின் பல் மருத்துவமனைக்கு வியாழன் மதியத்துக்கு மேல் விடுமுறை. நிமுராவின் சோபா நூடுல்ஸ் கடைக்கும் அன்றுதான் விடுமுறை. கஜிதானி அதிகாலைப் பேருந்தை ஓட்டி முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். சமூகக் கூடத்தின் மாடி அறையில் கூடியிருந்தோம்.

எங்கள் மாதிரி விமானச் சங்கத்தில் பதினொரு பேர். மற்றவர்களின் விமானங்கள் போன வாரமே சென்செயின் சோதனையில் தேறிவிட்டன. கஜிதானியுடையது மட்டும் பாக்கி. ஷிசுவோகாவில் மே மாதக் கண்காட்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் சங்கங்கள் வரும். எங்கள் மேசையில் ஒரு தவறான புள்ளிகூட இருந்ததில்லை என்பது சென்செயின் பெருமை. அதற்காக அவர் போட்ட விதி ஆதாரச் சீட்டு. விமானத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு ஆதாரங்கள் எழுதித் தர வேண்டும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பதால், எல்லாச் சீட்டுகளும் மூடிய உறையில் என்னிடம் வரும். நான் அட்டையில் நகலெடுத்து வைப்பேன். கண்காட்சியன்று விமானத்தின் முன்னால் அட்டையை நிறுத்துவோம். அதுவரை அவற்றைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

வேதியியல் படித்துவிட்டு ஒட்டுப்பட அச்சகத்தில் மை கலக்கிறேன். தண்ணீரில் ஊறவைத்து விமானத்தில் ஒட்டும் படங்கள். யாரோடும் பேச வேண்டியிராத வேலை.

இந்த வருடம் மேசை நடுவில் சென்செயின் ஹியென் நிற்கப்போகிறது. உலகப் போரில் தரைப்படை விமானியாக இருந்த அவருடைய அப்பா ஓட்டிய போர் விமானம். விமானி அறைக்குக் கீழே, சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, மூன்று வெற்றிக்குறிகள்: நான்கு எஞ்சின் பி-29 இரண்டு, ஒற்றை எஞ்சின் கிரம்மன் ஒன்று. மூன்றாவதன் அடியில் 1945 பிப்ரவரி பதினாறு என்ற தேதி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எழுத்தில். அவற்றை அச்சிட்டுக் கொடுத்தது நான்தான்.

கஜிதானி செய்திருந்தது கடற்படையின் ரைடென் போர் விமானம். கிரம்மனுக்கு இருப்பதுபோலவே உருண்டு தடித்த மூக்கு. அவருடைய தாய்மாமன் இருபத்தொரு வயதில் அதில் செத்துப்போனார். அப்போது கஜிதானியின் அம்மாவுக்கு ஏழு வயது. இப்போது எண்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை ககேகவாவிலிருந்து ரயிலில் வருகிறார். அண்ணனின் விமானம் எப்படி இருந்தது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர, அவர் மகனிடம் எதுவும் கேட்டதில்லையாம்.

சென்செய் நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். கையில் பல் நோண்டும் கொக்கி.

"வாங்க கஜிதானி-சான், வாயைத் திறங்க" என்றார் நிமுரா.

கஜிதானியும் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

"கோடெல்லாம் வாய்க்கால் மாதிரி வெட்டியிருக்கீங்க" என்றார் சென்செய். "சிவப்பு வட்டத்துல ஆரஞ்சு அடிக்குது. பஸ் கம்பெனி பெயிண்டா? சரி, அதையெல்லாம் விட்டுடலாம். இது என்ன?" கொக்கி இறக்கையின் முன்விளிம்பைத் தட்டியது.

"இறக்கை, சென்செய்."

"அது தெரியுது. மஞ்சள் எங்க?"

இறக்கையின் முன்விளிம்பில் உடலை ஒட்டிப் பாதி நீளத்துக்கு மஞ்சள் பட்டை இருக்கும். தரைப்படையானாலும் கடற்படையானாலும் இருக்கும். நேரெதிரே வருவது நம் ஆள்தான் என்று தெரிவதற்காக.

"அந்த விமானத்துல இல்லீங்க. முந்தின நாள்தான் இறக்கையையே மாத்தியிருக்காங்க. பச்சை அடிச்சிட்டாங்க, மஞ்சள் தீர்ந்துபோச்சு. மாமாவோட மெக்கானிக் எங்க அம்மாவுக்கு எழுதின கடுதாசி இருக்கு."

"எப்ப எழுதினது?"

"எழுபத்தெட்டுல."

"முப்பத்துமூணு வருஷம் கழிச்சு!" சென்செய் நிமுராவைப் பார்த்தார். "என்கிட்ட வர்றவங்களுக்குப் போன வாரம் எந்தப் பல்லு வலிச்சுதுன்னே ஞாபகம் இருக்கறதில்ல."

"பஸ் ஓட்டுறவரு பாவம், முன்னாடி மஞ்சளா இருந்தா சிக்னல்னு நெனச்சு நிறுத்திடுவாரு" என்றார் நிமுரா.

சென்செய் மேசையிலிருந்த மாஸ்கிங் டேப்பை எடுத்தார். அது மஞ்சள் நிறம். இரண்டு துண்டு கிழித்து, ரைடெனின் இரண்டு இறக்கை விளிம்புகளிலும் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இப்பத்தான் விமானம் மாதிரி இருக்கு. இப்படி அடிச்சிட்டு வாங்க, மேசையில இடம் தர்றேன்."

கஜிதானி டேப்பை உரித்தார். மெதுவாகத்தான் உரித்தார். டேப்போடு பச்சையும் வந்தது. அடியிலிருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் நகக்கண் மாதிரி தெரிந்தது.

"பிரைமர் ஒழுங்கா அடிக்கலைன்னா இப்படித்தான்" என்றார் சென்செய்.

"எட்டு மாசம் செஞ்சேன்" என்றார் கஜிதானி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க, சென்செய். மஞ்சள் அடிச்சா அது மாமா விமானம் இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். கடுதாசி அவங்ககிட்டதான் இருக்கு."

"ஒரு கடுதாசி ஆதாரம் ஆகாது. ரெண்டு வேணும். மஞ்சள் இல்லாம ஒரு விமானம் அன்னைக்கு அங்க பறந்துச்சுன்னு வேற ஒருத்தர், பார்த்தவர், எழுதியிருக்கட்டும். எங்கப்பா விமானத்தைத் தள்ளி வெச்சிட்டு இதை நானே நடுவுல வெக்கிறேன்."

"அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்லீங்க."

அட்டைப்பெட்டி என் மடியில் இருந்தது. எங்கள் எழுத்து வரிசையில் ஒ முடிந்ததும் க. ஒகுரியின் அட்டைக்கு அடுத்தது கஜிதானியின் அட்டை. ஒன்பது நாட்களுக்கு முன்னால் ஒன்றை எழுதி முடித்து, அந்த மை காய்வதற்குள் இன்னொன்றை எழுதினேன். பிறகு மூன்று தடவை சரிபார்த்தேன். கணக்கில் பிழை இருக்க வேண்டும் என்று விரும்பியது அதுதான் முதல் தடவை. பிழை இல்லை. ஒன்பது நாட்கள் வாய் திறக்கவில்லை. தன் அண்ணனை அமெரிக்கர்கள் கொன்றதாக எழுபத்து நான்கு வருடங்களாக நம்பும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார்.

கஜிதானி ரைடெனைப் பெட்டிக்குள் வைத்துப் பஞ்சு சுற்ற ஆரம்பித்தார். "இன்னும் முடியலைன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"எதுக்குப் பொய்? உண்மையைச் சொல்லுங்க" என்றார் சென்செய். "தேறலைன்னு சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹொசொயா-சான், அவர் சீட்டைக் கிழிச்சிடுங்க."

"ரெண்டாவது ஆதாரம் இருக்கு" என்றேன்.

"அட, ஹொசொயா-சானுக்குப் பேச்சு வருது!" என்றார் நிமுரா.

இரக்கப்பட்டுத்தான் பேசினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் இரக்கம் இல்லை. சென்செயின் கையிலிருந்த கொக்கி நடுங்குவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முதல் அட்டையைப் படித்தேன். "பிப்ரவரி பதினாறு, காலை பத்து இருபது. மாகினோஹாரா தேயிலைச் சரிவு. தனியாக ஒரு விமானம் நேரெதிரே வந்தது. தடித்த மூக்கு. சூரியன் கண்ணில். இறக்கை விளிம்பில் மஞ்சள் இல்லை. எதிரி என்று உறுதி செய்துகொண்டு, திரும்பிப் பின்னால் போய்ச் சுட்டேன். கோயில் குளத்தில் விழுந்தது."

"அது எங்கப்பா டைரி" என்றார் சென்செய். "கிரம்மனைச் சுட்டது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

கஜிதானி பஞ்சு சுற்றுவதை நிறுத்தியிருந்தார்.

"எந்தக் குளம்?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். இந்த அட்டைகள் இரண்டும் மேசைமேல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படிப்பார்.

"படிங்க, ஹொசொயா-சான்" என்றார் அவர். "எங்க மெக்கானிக் எழுதினதையும் படிங்க."

படித்தேன். "பதினாறாம் தேதி மதியம் மாகினோஹாரா கோயில் குளத்திலிருந்து உங்கள் அண்ணனைத் தூக்கினோம். அவருடைய கடிகாரம் பத்து இருபத்திரண்டில் நின்றிருந்தது. குளத்தைத் துழாவினோம். வேறு விமானம் எதுவும் இல்லை. அன்று காலை மஞ்சள் பெயிண்ட் தீர்ந்திருந்தது. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை." ஏன் மறக்க முடியவில்லை என்று அவர் எழுதவில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டார்.

கீழே குழந்தைகள் நடன வகுப்பில் யாரோ கைதட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சென்செய் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் கை நடுங்கவில்லை. "சரி. அதனால என்ன சொல்ல வர்றீங்க?" என்றார். "சுத்தி வளைக்காதீங்க. ஆதாரம் படிக்கிறவங்க முடிவையும் சொல்லணும். சொல்லுங்க."

"நான் அச்சடிச்சுக் கொடுத்த மூணாவது குறி கிரம்மன் இல்ல, சென்செய்" என்றேன். "அது கஜிதானி-சானோட தாய்மாமன்."