மொட்டைக் கழுத்துச் சேவல்

போன சித்திரை வெயில் நிமலினி ரீச்சரின் கோழிகளில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. கழுத்தில் இறகில்லாத கோழி சூடு தாங்குமென்று, கொடிகாமம் சந்தையில் மொட்டைக் கழுத்துக் கறுப்புச் சேவலொன்றை விலையை அடித்துப் பேசி வாங்கி, மிஞ்சியவற்றில் இறகெல்லாம் வெள்ளை வரியோடிய வரிக்கோழியோடு விட்டாள்.

“சொறிச் சேவலை உம்மடை தலையிலை கட்டிட்டாங்கள். குஞ்சுகளுக்கும் இந்தக் கழுத்து வராட்டி, உந்தச் சேவலார் சட்டிக்குள்ளைதான்,” என்றான் கணவன் றொபின்.

இன்று ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஒன்பதுக்கும் மொட்டைக் கழுத்து! மூன்றின் தலையில் மட்டும் வெள்ளைப் பொட்டு.

நிமலினி துள்ளினாள். “கழுத்து சாதாரண நிறமூர்த்தத்திலை, அதுதான் குரோமோசோமிலை, எல்லாருக்கும் வந்திட்டுது. பொட்டு தாயின்ரை வரிக்கு அடையாளம். அது ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிற இலிங்க நிறமூர்த்தத்திலை. கோழியிலை தாயின்ரை அந்த நிறமூர்த்தம் ஆண்குஞ்சுக்குத்தான் போகும். மற்ற ஆறும் பேடு!”

“அப்ப என்ரை சட்டி?”

“பொட்டு வைச்ச மூண்டும் உங்களுக்குத்தானப்பா. வளருமட்டும் தேங்காய்ப்பால் சொதியோடை சமாளியுங்கோ.”