எழுதியவனையே கேட்க வேண்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆகாத குணம். பேசுபவர்கள் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், நம் கருத்துக்கு அங்கே இடமில்லை. பதினோரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன்.

அன்று தஞ்சம் கேட்டு விசாரணைக்கு வந்தவன் இங்கே ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். சோப்புத் தண்ணீரில் வெந்துபோன விரல்கள். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவன் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

அதிகாரி மேசையில் கைபேசியை வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். சலவைக்கூட நண்பர்கள் நடுவில் இவன் தானே எழுதிப் பாடிய பாட்டு.

எந்தத் தெருவில் திரும்பினாலும்
கிழக்கு எதுவென்று தெரியவில்லை;
யாராவது என்னைக் கூட்டிப்போய்
என் வீட்டு வாசலில் விடுங்கள்.

வரிக்கு வரி சொன்னேன். வாசலில் விடத்தானே நாங்களும் இருக்கிறோம் என்று அதிகாரி சிரித்தார். திசையே தெரியாதவன் சொல்லும் தேதிகளை எப்படி நம்புவது, வீட்டுக்குப் போக இவ்வளவு ஆசைப்படுபவனுக்கு அங்கே என்ன பயம் என்று அடுக்கினார்.  அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்களேன்."

நாக்கு துடித்தது. ஆனால் நான் வாய் திறந்தால் விசாரணையே செல்லாது, நட்டம் அவனுக்குத்தான். எங்களுக்கு இருப்பது ஒரே ஓர் உரிமை. புரியாத இடத்தில் பேசியவரிடமே விளக்கம் கேட்கலாம். எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இருந்தும் கையைத் தூக்கி, கடைசி வரி பிடிபடவில்லை, எழுதியவரையே கேட்க வேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். ஒரு பாட்டுக்குப் போய் இவ்வளவு நேரமா என்று அதிகாரி சலித்துக்கொண்டார். பாட்டைச் சாட்சியாக வைத்தது நீங்கள், கேட்காமல் நான் மேலே போக மாட்டேன், மறுத்தால், மறுத்தீர்கள் என்று பதிவாகட்டும் என்றேன். அவர் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

"தம்பி, அந்தக் கடைசி வரி எழுதும்போது என்ன நினைச்சீங்க? நிதானமா சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போக முடிஞ்சா டிக்கெட் எடுத்திருப்பேன் அக்கா. முடியலன்னுதான் பாட்டு எழுதினேன்."

அதை அப்படியே சொன்னேன். அதிகாரி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்து, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க அண்ணனை இழுத்துட்டுப் போனவங்க."

அதையும் சொன்னேன். அதிகாரி வீடியோவை மூடிவிட்டு எழுத ஆரம்பித்தார்.